விண்வெளி நிலையத்துக்கும் பொலிஸ் பதிவு

நாங்கள் டிஸ்க்கில் பார்த்த அந்தத் தொடரில் வேற்றுலக ஆள் யார் என்று முதன்முதலில் அடித்துச் சொன்னவர் எங்கள் வீட்டுக்கார அக்காதான்.

“அந்த டொக்டர் மனிசிதான். வேற ஆளே இல்லை. இவ்வளவு நாளிலை அவளுக்கு ஒரு போன் வந்ததோ? தாய் தேப்பன் இல்லையோ? ஒரு சகோதரம் இல்லையோ?”

“விண்வெளிக்கு ஆரக்கா போன் எடுக்கிறது?” என்றேன்.

“ஏன், கப்டனின்ரை பெண்சாதி கிழமைக்கு ஒருக்கால் அந்தக் கண்ணாடியிலை வந்து நிண்டு அழுறாள்தானே? அவளுக்கு மட்டும் லைன் கிடைக்குதோ?”

அக்கா சொன்னது பிழை என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் பிழை என்று சொல்லத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவின் கதை எப்போதும் அப்படித்தான். “எனக்கு ஒண்டும் தெரியாது, ஆனா எல்லாம் விளங்கும்” என்று ஒரு வசனம் வைத்திருந்தார். மீன்காரனுக்கும் அதுதான், மின்சார பில் கொண்டு வருகிறவனுக்கும் அதுதான்.

ஆங்கிலத் தொடர் அது. நாங்கள் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ‘நிலையம்’ என்றுதான் சொல்வோம். ஒரு விண்வெளி நிலையம் பழுதாகி, பூமிக்குத் திரும்ப வழியில்லாமல் எங்கோ தூரத்தில் நிற்கிறது. உள்ளே நாற்பது சொச்சம் பேர். அவர்களில் ஒருவர் பூமியைச் சேர்ந்தவர் இல்லை, வேறோர் உலகத்திலிருந்து மனித உருவெடுத்து வந்து கலந்தவர் என்று முதல் டிஸ்க்கின் முடிவிலேயே சொல்லிவிட்டார்கள். யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்போது போர்நிறுத்தம், சமாதானம் என்று ஒன்று கடதாசியில் இருந்தது. வீதியில் அது தேய்ந்துகொண்டு வந்தது. சுற்றிவளைப்புகள் திரும்பத் தொடங்கியிருந்தன. நான் கொழும்பில், காலி வீதியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை செய்தேன். ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படிப்பு. மிச்ச ஆங்கிலமும் சிங்களமும் மற்றவர்களுடைய பத்திரங்களைக் கொப்பி எடுத்து எடுத்துப் படித்தது. கொழும்பில் தங்குகிற தமிழர் பொலிஸில் கொடுக்கவேண்டிய பதிவுப் படிவம், விசா விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ் என்று வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே, டியூஷன் பிள்ளைகள் சிலர் இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்த தாள்களைக் கொண்டு வருவார்கள். வேற்றுலக ஆள் யார் என்று வெளிநாட்டுக்காரர் பக்கம் பக்கமாகச் சண்டை பிடித்து எழுதியவை. அவர்களுக்கு ஒரு கொப்பி, எனக்கு ஒரு கொப்பி.

வீடு, கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இரண்டாம் மாடி. புருசன் மத்திய கிழக்கில் இருந்ததால் அக்கா ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஐந்து பேர் சேருவோம். அக்கா ஒன்று, நான் ஒன்று. மூன்றாவது, கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்ற ஐயா. கீழ் வீட்டுக்காரர். காலையில் கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டுக்குப் போனால், பேரப்பிள்ளைகள் அழ அழ நிலையத்துக்கு நேரத்துக்குத் திரும்பிவிடுவார். நாலாவது, டிஸ்க் கொண்டு வருகிற நானா, முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் கூப்பிடுவோம். மாளிகாவத்தையிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருந்தார். புது டிஸ்க்கை ஓட்டிப் பார்க்காமல் வாடகைக்கு விடமாட்டேன் என்பது அவர் கொள்கை. ஓட்டிப் பார்க்கிற இடம் எங்கள் கூடம். “டிஸ்க் கீறினாலும் கதை கீறாது” என்று சொல்லிக்கொண்டே அதைத் தன் சேட்டில் துடைப்பார்.

ஐந்தாவது, என்னோடு ஒரே அறையில் இருந்த பெண், எங்கள் எல்லோருக்கும் தங்கச்சி. இருபத்தொரு வயது. நோர்வேயில் இருக்கிற மாப்பிள்ளையிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள். ஊர் மானிப்பாய் என்று சொல்லியிருந்தாள். அடையாள அட்டையிலும் அதுதான் இருந்தது.

அந்த நாட்களில் எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்தது மட்டும்தான் மானிப்பாய். பத்து வயதில் இடம்பெயர்ந்து, அரசாங்கத்தின் கை எட்டாத வன்னிக்குத் தாயோடு போனவள், பிறகு அங்கேயே வளர்ந்தாள். அட்டை, மானிப்பாயில் இருந்த மாமியின் முகவரியில் எடுத்தது. அக்காவோ வாசலிலேயே எல்லோருக்கும் சொல்கிற ஒரு விஷயம் இருந்தது: “வன்னி ஆக்களை நான் எடுக்கிறேல்லை. குறை நினைக்காதேங்கோ.” ஒருமுறை அங்கிருந்து வந்த பெடியன் ஒருவனை வைத்திருந்து, அவனைப் பிடித்தபோது அக்காவையும் கொண்டுபோய் ஒரு பகல் முழுக்கப் பொலிஸ் வாங்கிலில் இருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. ஆகவே தங்கச்சி அந்தப் பத்து வருஷத்தை விழுங்கிக்கொண்டுதான் அந்த அறைக்குள் வந்திருந்தாள். வெளியே போனால் லொட்ஜ்தான். லொட்ஜ் என்றால் எப்போது யார் கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாது. எம்பசியில் இன்டர்வியூவுக்கு அப்போது இன்னும் மூன்று கிழமை இருந்தது.

நிலையத்துக்குப் பொலிஸ் பதிவு செய்கிற யோசனை ஐயாவுடையது.

“இப்பிடி வாயாலை கத்திப் பிரயோசனம் இல்லை. பதிஞ்சால்தான் மனிசன்,” என்றார். அது அவருடைய வசனம். “பிள்ளை, உம்மட கடையிலை பழுதாப்போன படிவங்கள் இருக்குமே?”

இருந்தது. மை பரவினது, சரிந்து விழுந்தது என்று ஒரு கட்டு. வீட்டில் இருக்கிறவர்களின் விபரம் கேட்கிற அதே படிவம்தான். நிலையத்தில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு வரி. ஆங்கிலப் பெயர்கள் வாய்க்குள் வராதபடியால் கப்டன், டொக்டர் மனிசி, மொட்டை எஞ்சினியர், பூக்கன்றுக்காரி, சமையல்காரன் என்று நாங்களே வைத்த பெயர்களை ஐயா தன் அழகான கையெழுத்தில் எழுதினார். வீட்டுத் தலைவர்: கப்டன். தலைவருக்கு உறவுமுறை. நிரந்தர முகவரி. வந்த காரணம். எவ்வளவு காலம் தங்குவார்.

“மொட்டை எஞ்சினியரின் நிரந்தர முகவரி?” என்று ஐயா பேனாவைத் தூக்கிக் கேட்பார்.

“அவன் ஒரு நாளும் செல்லல்லியே. எனக்கு அவன்ல டவுட் ஈக்கி,” என்பார் நானா.

“பூக்கன்றுக்காரி வந்த காரணம்?”

“பூக்கன்றுக்குத் தண்ணி ஊத்த எண்டு சொல்லுறாள். உதையெல்லாம் பொலிஸ் நம்புமோ?” என்பார் அக்கா. “எழுதுங்கோ, ‘திருப்தியில்லை’ எண்டு.”

வெளிநாட்டுக்காரர் அந்தத் தாள்களில் நிறத்தைப் பற்றி, கண்மணியைப் பற்றி, இசையைப் பற்றியெல்லாம் எழுதி ஆளைத் தேடினார்கள். நாங்கள் தேடியது எங்களை எப்படித் தேடினார்களோ அப்படி. வேறு விதமாகத் தேட எங்களுக்குத் தெரியாது. ஆங்கிலம் பிடிபடாத இடங்களில் ஐயாதான் மொழிபெயர்ப்பு. கப்டன் மேசையில் அடித்துக் குரல் கிழியக் கத்துவார். ஐயா அமைதியாக, “மேற்படி விடயம் தொடர்பில் தமது அதிருப்தியைத் தெரிவிக்கிறார்” என்பார்.

எனக்கும் ஒரு முறை இருந்தது. பிழை விடாத மனிசர் இல்லை. ஆனால் மனிசர் விடுகிற பிழை ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். மறைந்திருக்கிறவர் விடுகிற பிழை ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். ஐயா அதைக் கேட்டு, “இவ சி.ஐ.டி.யிலை இருந்திருக்கவேண்டிய ஆள்” என்று சிரிப்பார். எனக்குப் பெருமையில் தலை நிலத்தில் நிற்காது.

தங்கச்சி மட்டும் ஒருவரையும் சந்தேகப்படவில்லை. சுவரோடு சாய்ந்திருந்து பார்ப்பாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்:

“ஆளைக் கண்டுபிடிச்சால் அவையள் என்ன செய்வினம்?”

“கதவத் தொறந்து வெளிய தள்ளுவாங்க தங்கச்சி,” என்றார் நானா. “வெளிய காத்தில்ல. கத்தவும் ஏலா.”

“அவர் இன்னும் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லையே?”

“செய்யாட்டிலும் ஆள் வேறதானே,” என்றார் அக்கா. தங்கச்சிக்குக் கதை விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு நானா கொண்டு வந்த டிஸ்க் ஓடவில்லை. துடைத்தார், ஊதினார், பிளேயரின் தலையில் தட்டினார். கப்டனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது.

“டிஸ்க் கீறினாலும் கதை கீறாது எண்டனீர், இப்ப என்ன?” என்று அக்கா இழுத்தார்.

நானாவுக்கு வெட்கம். அதை மறைக்கத்தான் அவர் அந்த விளையாட்டைத் தொடக்கினார். “சரி, படம் இல்லாட்டிப் போகட்டும். இங்க ஈக்கிற அஞ்சு பேர்ல வேற உலகத்து ஆள் யாரு? ஐயா, எடுங்க ஃபோர்ம.”

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முதலில் நானாவே அகப்பட்டார். அவர் தேநீருக்குச் சீனி போடாமல் குடிப்பதை அக்கா பிடித்துக்கொண்டார். “சீனி போடாத சோனகரை நான் காணேல்லை. எழுதுங்கோ ஐயா, ‘திருப்தியில்லை’.” ஐயா மழை இல்லாத நாளிலும் குடை கொண்டு போகிறவர். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாம் விளங்கும். பூமியில் அப்படி ஒருவரும் இல்லை. சிரித்துச் சிரித்து அக்காவுக்குப் புரைக்கேறிற்று.

தங்கச்சியின் முறை வந்தபோது, அவளோடு அறையில் இருப்பவள் நான்தானே, விசாரணை என்னிடம் வந்தது. நான் எழும்பி நின்றேன். சும்மா இருந்து சொன்னால் போதாதா? இல்லை, எழும்பி நின்றேன்.

“கனம் ஐயா அவர்களே, எனக்கு ஒரு சாட்சியம் இருக்கு. இவவின்ரை கைமணிக்கூட்டைப் பாருங்கோ. பிந்தி நிக்குது. கேட்டால் பற்றறி போய்ட்டுதாம். பற்றறி போன மணிக்கூடு ஒரு நாள் கொஞ்சம் பிந்தும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பிந்தும். இது நான் ரெண்டு மாசமாப் பாக்கிறன், சரியா அரைமணி. ஒரு நிமிசம் கூடுறதும் இல்லை, குறையிறதும் இல்லை. இவ வேற உலகத்து நேரத்திலை—”

அந்த இடத்தில் என் வாய் நின்றது.

ஏனென்று அந்த வருஷங்களில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. கடைசியில் அது அரைமணி முன்னால் நிலைத்தது. அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னியில் அந்தப் புது நேரத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். ஒரே நாட்டில், ஒரே பஸ்ஸில் போனாலும், ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தால் அரைமணி குறையும்.

தங்கச்சி மணிக்கூட்டின் மேல் மற்றக் கையை வைத்து மூடினாள். மூடாமல் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. அக்காவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் சிரிப்பின் மடிப்பு மட்டும் இருந்தது. அவர் அவளுடைய கையைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஐயா பேனாவை மூடினார்.

“அது கோயில் நேரமெல்லோ,” என்றார், தேநீர் ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில். “ஊரிலை கனக்கக் கோயிலுகளிலை இன்னும் பழைய நேரம்தானே வைச்சிருக்கினம். பூசைக்கு, ராகுகாலத்துக்கு. இந்தப் பிள்ளையின்ரை வீட்டுக்காரர் கோயிலோடை இருக்கிற ஆக்கள் எண்டு எனக்கு ஒருக்கால் சொன்னது.”

அவள் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் ஐயாவோடு தனியே இரண்டு வார்த்தை கதைத்ததை நான் கண்டதில்லை.

“எங்கட பள்ளியிலயும் தொழுகைக்கு வேற மணிக்கூடு ஈக்கிதானே,” என்றார் நானா உடனே. “எனக்கே ஒரு நேரம் குழம்பும் அக்கா.”

இரண்டு பேரும் அக்காவைப் பார்க்கவில்லை. நானா டிஸ்க்கை எடுத்துத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார். ஐயா அன்று எழுதிய படிவத்தை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“எனக்கு ஒண்டும் தெரியாது,” என்றார் அக்கா. வழக்கமாக வருகிற மற்றப் பாதி வரவில்லை. தேநீர்க் கோப்பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

அன்று பின்னேரம் தங்கச்சி தன் பையை அடுக்கினாள். அடுக்க என்ன இருந்தது, அது எப்போதும் அடுக்கித்தான் இருந்தது. நான் கட்டிலில் இருந்து, “நான் தெரிஞ்சு சொல்லேல்லையடி,” என்றேன். அதை மூன்று நாலு தரம் சொல்லியிருப்பேன்.

“தெரியும் அக்கா.”

“பிறகேன் அதைத் திருத்தாமல் வைச்சிருந்தனீ?”

“அங்கை இப்ப எத்தினை மணி எண்டு கணக்குப் பாக்காமல் தெரியவேணும் எண்டுதான். இப்ப அம்மா கிணத்தடிக்குப் போற நேரம். இதைப் பாத்தால் உடனை தெரியும். கூட்டிக் கழிச்சுப் பாக்கிறது எனக்கு விருப்பமில்லை.”

நான் கெட்டித்தனமாகப் பிடித்த பிழை, ஒரு தாயின் நேரம்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. வீட்டில் இருக்கிறவர்களின் பட்டியலைப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பொலிஸிலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அக்கா குசினி மேசையில் நல்ல படிவம் ஒன்றை விரித்து, எழுத என்னைக் கூப்பிட்டார். அது எப்போதும் என் வேலைதான். அக்காவின் பெயர், என் பெயர் எழுதினேன். தங்கச்சியின் பெயரும் எழுதினேன். அடுத்த கட்டம், இதற்கு முன் வசித்த இடம். பேனா நின்றது.

“என்ன யோசிக்கிறாய்?” அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. “போன முறை என்ன எழுதினனியோ அதை எழுது.”

“அக்கா, நான் நேற்று...”

“நான் உன்னை என்னவும் கேட்டனானே?”

“இல்லை.”

“நீ எனக்கு என்னவும் சொன்னனியே?”

“இல்லை அக்கா.”

“அப்ப எழுது. கீழை என்ரை கையெழுத்துத்தானே.”

மானிப்பாய் என்று எழுதினேன். அக்கா கையைச் சீலையில் துடைத்துவிட்டு வந்து கையெழுத்து வைத்தார். வெங்காய ஈரம் தாளில் ஒரு வட்டமாகப் பட்டது. அந்த வாங்கிலில் ஒரு பகல் இருந்தவர் அவர். என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

தங்கச்சி குசினி வாசலில் வந்து நின்றாள். பை தோளில்.

“எங்கை பயணம்?” என்றார் அக்கா. “இன்டர்வியூ இன்னும் ரெண்டு கிழமைக்கு மேலை கிடக்கெல்லோ? பையை வைச்சிட்டு வந்து தேங்காயைத் துருவு. அதுக்கு முன்னம் உந்த மணிக்கூட்டைக் கொழும்பு நேரத்துக்கு வை. றோட்டிலை நிக்கிறவங்கள் அடையாள அட்டை மட்டுமே பாக்கிறாங்கள்?”

அவள் அங்கேயே நின்று, சுவர் மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்து, கைமணிக்கூட்டின் சின்னத் திருகை இழுத்துத் திருப்பினாள். அரைமணிதான். நெடுநேரம் எடுத்த மாதிரி இருந்தது. பிறகு தேங்காய் துருவினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் நிலையத்துக்குப் பதிவு செய்யவில்லை. ஐயா அந்தப் படிவங்களைத் துண்டு துண்டாக வெட்டி மகளுக்குச் சாமான் எழுதுகிற தாளாகக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தோம், ஆள் யார் என்று பொதுவாகக் கதைத்தோம். தங்கச்சிக்கு விசா கிடைத்தது. மாசி மாதம் போனாள். எயார்போட் வானில் ஏறும்போது அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்கா, “சரி சரி, பாஸ்போட் கசங்கப் போகுது” என்றார்.

நிலையத்தின் கடைசி டிஸ்க் பங்குனியில் வந்தது. அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னமே ஆள் யாரென்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. சமையல்காரன் ஒவ்வொரு நாளும் மேசையில் ஒரு கோப்பை கூடுதலாக வைப்பான். ஆட்கள் கூடினாலும் குறைந்தாலும், எப்போதும் சரியாக ஒன்று கூட. அதைக் கண்டபோது வாய் நுனி மட்டும் வந்தது. விழுங்கிவிட்டேன். எங்கோ தூரத்தில் யாருக்கோ வைக்கிறான், வைக்கட்டும்.

கடைசியில் அவன்தான் என்று வெளியானபோது நானா தலையில் கை வைத்தார். “இவனா? இவன்ட சோத்தத்தானே எல்லாரும் திண்டாங்க!” கப்டன் கதவைத் திறந்து அவனைத் தள்ளவில்லை. என்னவோ நீளமாகச் சொன்னார். ஐயா அதை மொழிபெயர்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “உனக்கு முன்னமே தெரியும், என்ன?”

“எனக்கு ஒண்டும் தெரியாதக்கா.”

“ஓமோம்,” என்றார்.

அந்தச் சித்திரை வருஷப்பிறப்போடு அரசாங்கம் நாட்டின் நேரத்தைத் திரும்பவும் பழைய நேரத்துக்கே கொண்டுவந்தது. பேப்பரில் போட்டிருந்தார்கள், எல்லோரும் மணிக்கூடுகளை அரைமணி பின்னுக்கு வைக்க வேண்டும் என்று. காலையில் அக்கா கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றினார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முள்ளைப் பின்னுக்குத் தள்ளி, தூசியை ஊதி, திரும்பக் கொழுவிவிட்டு, கதிரையில் நின்றபடியே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாவம், அந்தப் பிள்ளையின்ரை மணிக்கூட்டைத்தான் நான் அநியாயத்துக்குத் திருப்ப வைச்சிட்டன்,” என்றார்.